பின்னால் இருந்தவன்

காலை நீட்டியே வையுங்கள், மேஸ்திரி. மடக்கி உட்கார்ந்தால் கூப்பிடும்போது எழுந்திருக்க முடியாது. மூன்று மாதமாக இந்த பெஞ்சுக்கு வருகிறவன் நான், எனக்குத் தெரியும். எக்ஸ்ரேவுக்கு நமக்கு முன்னால் இன்னும் இருபது பேர் இருக்கிறார்கள்.

மேஸ்திரி என்று எப்படிக் கண்டுபிடித்தேன் என்று பார்க்கிறீர்களா? நகக்கண்ணில் ஒயிட் சிமெண்ட். டைல்ஸ் வேலைதானே? போன மாதம் உள்ளே இருக்கிற அந்தச் சின்ன டாக்டர் என் முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு அதைத்தான் கேட்டார். "டைல்ஸ் போடறீங்களா? எத்தனை வருஷமா மண்டி போட்டு வேலை?" இல்லை என்றேன். "கோயில்ல பூசையா?" இல்லை என்றேன். "அப்ப ஏங்க ஒரு முட்டி மட்டும் இப்படித் தேஞ்சு கிடக்கு? இன்னொண்ணு புதுசு மாதிரி இருக்கு?" படகு ஓட்டினேன் டாக்டர் என்றேன். "படகை உக்காந்துதானே ஓட்டுவாங்க" என்றார். கதவுக்கு வெளியே முப்பது பேர் நிற்கும்போது அவருக்கு எங்கே விளக்கிச் சொல்வது. உங்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்கும் இப்போது வேறு வேலை இல்லை.

கேனோ என்று ஒரு போட்டி இருக்கிறது. டிவியில் பார்த்திருப்பீர்கள் என்று சொல்லமாட்டேன், யாரும் பார்த்ததில்லை. படகு என்றால் எங்கள் எண்ணூர்ப் படகு இல்லை. வாழைமட்டையைப் பிடித்து நீளமாக இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். தும்மினால் கவிழும். அதில் ஒரு முட்டியை ஊன்றி, இன்னொரு காலை முன்னால் வைத்து, ஒரே பக்கமாகத் துடுப்புப் போட வேண்டும். ஆயிரம் மீட்டர். இடப்பக்கம் போடப் பழகினவன் சாகிறவரை இடப்பக்கம்தான். நான் இடம். அதனால் இடது முட்டி.

இரண்டு பேர் போகிற படகும் உண்டு. முன்னால் இருப்பவன் இடம் என்றால் பின்னால் இருப்பவன் வலம். முன் ஆள் தாளம் வைப்பவன். அவன் எவ்வளவு வேகத்தில் போடுகிறானோ அதே வேகத்தில் பின் ஆளும் போட வேண்டும். பின் ஆளுக்குக் கூடுதலாக ஒரு வேலை, படகை நேராகக் கொண்டுபோவது. சுக்கான் கிடையாது. துடுப்பை இழுத்து முடிக்கும்போது தண்ணீருக்குள்ளேயே ஒரு திருகு திருக வேண்டும். அதுதான் சுக்கான்.

என் பெயர் தேசப்பன். நான் முன்னால். தணிகாசலம் பின்னால். ஆறு வருடம்.

எங்கள் அப்பா காட்டுக்குப்பத்தில் வலைக்குப் போனவர். நான் முதன்முதலாகக் கோப்பையோடு வீட்டுக்குப் போனபோது அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கருந்து எங்க போன?" என்று கேட்டார். இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பத்துக்கு என்றேன். "இவ்ளோ வேகமாப் போயி இன்னாத்தடா புடிச்ச?" என்றார். அம்மா சிரித்துவிட்டாள்.

தணிகா பழவேற்காட்டுப் பையன். என்னைவிட இரண்டு வயது சின்னவன். அதிகம் பேசமாட்டான். கேட்டால் "சரிணா" என்பான், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. என் முட்டிக்கு அடியில் வைக்கிற ஸ்பாஞ்சுக் கட்டையை அவன்தான் பிளேடால் செதுக்கித் தருவான். எனக்குச் செய்யப் பொறுமை கிடையாது. எலும்பு எங்கே அழுத்துகிறது என்று தொட்டுப் பார்த்து, அந்த இடத்தில் மட்டும் நூல் நூலாக எடுப்பான். நல்ல கை. அது வேறு விஷயம்.

விஷயம் என்னவென்றால், முன்னால் இருப்பவனுக்குப் பின்னால் இருப்பவன் தெரியமாட்டான். நீங்கள் கிரானைட் பலகை தூக்குகிறீர்கள், எதிரில் பிடித்தவன் கையைத் தளர்த்தினால் பாரம் அந்த நிமிடமே உங்கள் கைக்கு வந்துவிடும், இல்லையா? படகில் அப்படி வராது. படகு கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். நீ களைத்ததால் மெதுவானதா, அவன் விட்டதால் மெதுவானதா, யார் சொல்வது? ஆறு வருடம் ஒருத்தனோடு படகில் இருந்தேன். அவன் முதுகை ஒரு நாளும் பார்த்ததில்லை. அவன் என் முதுகை மட்டும்தான் பார்த்திருக்கிறான்.

நான் அதையெல்லாம் நினைத்தவன் இல்லை. அந்த ஆர்மிக்காரன் சொல்லாமல் இருந்திருந்தால் நினைத்திருக்கவே மாட்டேன்.

ஐந்தாவது வருட நேஷனல்ஸ். நாலாவதாக வந்தோம். மூன்றாவது படகுக்கும் எங்களுக்கும் கண் சிமிட்டுகிற நேரம்தான் வித்தியாசம். மூன்று நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடி. மேஸ்திரி, நாலாவதாக வருவது மாதிரி ஒரு கொடுமை கிடையாது. ஒன்பதாவதாக வந்தவன் சிரித்துக்கொண்டு போய் டீ குடிப்பான். நான் கரையில் மல்லாந்து கிடந்து வாந்தி எடுத்தேன். தணிகா பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து எனக்கு நீட்டினான். அப்போது ராணுவப் படகில் ஜெயித்த ஒருத்தன், தருமபுரிக்காரன், போகிற போக்கில் நின்றான். என்னைப் பார்த்தான். அவனைப் பார்த்தான். "என்னப்பா, முன்னாடி இருக்கறவன் செத்துட்டான், பின்னாடி இருந்தவனுக்கு மூச்சே வாங்கல? சவாரி வந்தியா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

தணிகாவும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். நெஞ்சில் ஒன்றும் இல்லாதவன் ஏன் சிரிக்க வேண்டும்? சொல்லுங்கள். கோபம் வரவேண்டாமா?

ரயிலில் இரண்டு நாள் வந்தோம். அவன் மேல் பெர்த்தில் தூங்கினான். நான் கீழே படுத்து யோசித்தேன். அவனுக்கு மூச்சு வாங்கவில்லை. உண்மைதான். நான் பார்த்தேனே, பாட்டில் மூடியை அவனே திறந்தான். எனக்கு விரல் மடங்கவில்லை.

அடுத்த சீசன் என் கடைசி சீசன். விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்திருந்தது. நேஷனல்ஸில் முதல் மூன்று இடத்தில் வந்திருக்க வேண்டும், வயது இருபத்தெட்டுக்குள் இருக்க வேண்டும். போட்டி ஜனவரியில், போபாலில். எனக்கு மார்ச்சில் இருபத்தெட்டு. ஆக எனக்கு இருந்தது ஒரே ஒரு ரேஸ். அந்த வேலை இருந்திருந்தால் நான் ஏன் கண்டெய்னர் யார்டு கேட்டில் நின்று லாரி நம்பர் எழுதப்போகிறேன். சரி, விடுங்கள்.

கோவளம் பக்கத்து உப்பங்கழியில்தான் பயிற்சி. முதலில் நான் ஒன்றும் வாயைத் திறந்து சொல்லவில்லை. காதைத் தீட்டி வைத்துக்கொண்டேன். துடுப்பு தண்ணீரில் நன்றாக விழுந்தால் ஒரு சத்தம், ஏமாற்றினால் ஒரு சத்தம். என் சத்தத்தையும் அவன் சத்தத்தையும் பிரித்துக் கேட்கப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகவே விழுந்தது. என் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்கிறான் என்று நினைத்தேன்.

ஒரு நாள் பாதி வழியில் சடாரென்று திரும்பிப் பார்த்தேன். படகு கவிழ்ந்தது. இரண்டு பேரும் சேற்றுத் தண்ணீர் குடித்தோம். கரையில் இருந்த பசங்கள் கத்துகிறார்கள், "இன்னாணா, ஆள் இருக்கானான்னு பாத்தியா? டிக்கெட் குடுக்கணுமா?" என்று. எங்கள் கோச் ஒரு ரிட்டயர்டு சுபேதார், பக்தவத்சலம் என்று பெயர். அவர் சிரிக்கவில்லை. "தேசா, ஆறு வருஷமா திரும்பாத கழுத்து இன்னைக்கு ஏன் திரும்பிச்சு?" என்றார். பூச்சி கடித்தது என்றேன். தணிகா படகை நிமிர்த்தி, தண்ணீரை இறைத்து, என் துடுப்பை நீந்திப் போய் எடுத்து வந்தான். ஏன் திரும்பினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதையும் கவனித்து வைத்தேன். நியாயமானவன் கேட்டிருப்பான்.

அப்புறம் என் மச்சானைக் கூப்பிட்டு, கரையோரமாக பைக்கில் வரச்சொல்லி, போனில் வீடியோ எடுக்க வைத்தேன். தணிகாவுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய் நூறு தடவை போட்டுப் பார்த்தேன். பார்த்தால், என் துடுப்பு டக்கென்று வெளியே வருகிறது. அவன் துடுப்பு வரவில்லை. கடைசியில் தண்ணீருக்குள்ளேயே ஒரு நொடி கிடக்கிறது. படுத்துக் கிடக்கிறது, மேஸ்திரி. ஒவ்வொரு தடவையும். மச்சான்கூட, "அது திருப்பறதுக்கா இருக்கும் மாமா" என்றான். அவனுக்கு என்ன தெரியும். திருகு எனக்குத் தெரியாதா? கொஞ்சம் திருகினால் போதும். இவ்வளவு நேரம் எதற்கு?

வீடியோவை சுபேதாரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். "நீ முன்னாடி உக்காந்து கண்ணை மூடிக்கிட்டு இழுக்கறியே, படகு எப்படி நேராப் போகுதுன்னு என்னைக்காவது யோசிச்சியா?" என்றார்.

"அவன் இழுக்கறானா இல்லையா, அதைச் சொல்லுங்க சார்."

"சரி. ரெண்டு பேரும் தனித்தனியாப் போங்க. பாத்துடலாம்."

தனியாள் படகில் போனோம். ஆயிரம் மீட்டர். தணிகா என்னைவிட ஆறு விநாடி முன்னால் போய்ச் சேர்ந்தான்.

சுபேதார் கடிகாரத்தை என் முகத்துக்கு நேராகக் காட்டினார். "போதுமா?" போதும் சார் என்றேன். போதும்தானே? தனியாகப் போனால் எப்படி இழுக்கிறான் பாருங்கள். அப்படியென்றால் என்னோடு வரும்போது என்ன செய்துகொண்டிருந்தான்? அவ்வளவு தெம்பை எங்கே வைத்திருந்தான்? என் சந்தேகத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? சுபேதாருக்கு இந்தக் கணக்குப் புரியவில்லை. நல்ல மனிதர், ஆனால் நேராக மட்டும்தான் யோசிப்பார்.

அன்றைக்குத்தான் கேட்டுவிட்டேன். படகைத் தோளில் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு நடக்கிறோம். அப்போதும் நான் முன்னால், அவன் பின்னால். "டேய் தணிகா. நீ இழுக்கறியாடா?"

நாலு எட்டு வைத்த பிறகு சொன்னான், "இன்னாணா இப்படிக் கேட்டுட்ட?"

"இழுக்கறியா, இல்லையா?"

"இழுக்கறேண்ணா."

"தனியாப் போனா ஆறு செகண்ட் என்னைத் தாண்டற. ரெண்டு பேராப் போனா நாலாவது வர்றோம். எப்படி?"

பதில் இருந்தால் சொல்லியிருப்பான். படகை ஷெட்டில் வைத்தோம். துணியை எடுத்துப் படகைத் துடைக்க ஆரம்பித்தான். என் இடத்தையும் சேர்த்துத்தான் துடைத்தான். அப்புறம் குனிந்த வாக்கிலேயே, "நான் இன்னா செய்யணும்ணா, சொல்லு" என்றான்.

"எடத்தை மாத்திக்கலாம். நீ முன்னாடி போ. நான் பின்னாடி வரேன்."

போட்டிக்கு ஐந்து வாரம் இருந்தது. ஐந்து வாரத்தில் இடம் மாற்றுகிற பைத்தியக்காரன் யாரும் கிடையாது என்று சுபேதார் கத்தினார். பின்னால் உட்காருவது வேறு வித்தை, அதற்கு இரண்டு வருடம் வேண்டும் என்றார். தணிகா நடுவில் வந்து, "பரவால்ல சார், அண்ணன் மனசுக்கு அதான் சரின்னா போவட்டும்" என்றான். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். மாட்டேன் என்று சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும் அல்லவா?

ஸ்பாஞ்சுக் கட்டைகளைப் பிய்த்து இடம் மாற்றி ஒட்டினோம். அவன்தான் ஒட்டினான்.

மறுநாள் காலை ஆறு மணி. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவன் முதுகைப் பார்த்தேன். வலது தோளுக்குக் கீழே கையகலம் ஒரு வெந்த தழும்பு இருந்தது. அடுப்பிலிருந்து கஞ்சி கொட்டியது என்றான், சின்ன வயதில். எனக்குத் தெரியாது. தெரிய எப்படி வாய்ப்பு? துடுப்பைப் போட்டு இழுத்தபோது அந்தத் தழும்பு சுருங்கி விரிந்தது. முதுகு எலும்பின் இரண்டு பக்கமும் கயிறு கயிறாக எழுந்தது. நூறாவது மீட்டரிலேயே பனியன் நனைந்து ஒட்டிக்கொண்டது. இழுத்தான், மேஸ்திரி. நான் பொய் சொல்லமாட்டேன். கண்ணால் பார்த்ததைச் சொல்லத்தான் வேண்டும். மாடு மாதிரி இழுத்தான்.

ஏன் இழுக்கமாட்டான்? நான் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன் அல்லவா? கண்காணி நிற்கும்போது யார்தான் வேலை செய்யமாட்டான்.

நேரமும் நன்றாகத்தான் வந்தது. மூன்று ஐம்பத்தைந்து. சுபேதாரே வாயைப் பிளந்தார். "பாத்தீங்களா சார்?" என்றேன். அவர், "காத்து இல்லன்னா எவனும் ஓட்டுவான். ஒம்பது மணிக்குக் கடல்காத்து எழும்பும், அப்பப் போயி நேராக் கொண்டா, ஒத்துக்கறேன்" என்றார். தணிகாகூட, "ஒரு தடவை போய்ப் பாத்துடலாம்ணா" என்றான். நான் போகவில்லை. போபாலில் பைனல் காலை எட்டு மணிக்கு. ஏரித் தண்ணீர். கடல்காற்று எங்கிருந்து வரும்? என் வேலை கெடட்டும் என்று இவனே காற்றை வேண்டிக்கொள்கிறானோ என்றுகூடத் தோன்றியது. ஐந்து வாரமும் ஒன்பது மணிக்கு முன்னால் படகைக் கரையேற்றிவிடுவேன்.

போபாலில் ஹீட்ஸ், அதாவது முதல் சுற்று, காலையில் நடந்தது. இரண்டாவதாக வந்து நேராக பைனலுக்குப் போனோம். கரையில் இறங்கியதும் தணிகா என்னைக் கட்டிக்கொண்டான். நானும் தட்டிக்கொடுத்தேன். மனதுக்குள், "பாரு, பின்னாடி சரியான ஆள் இருந்தா படகு எப்படிப் போகுதுன்னு" என்று சொல்லிக்கொண்டேன்.

பைனல் அன்றைக்குக் காலையில் பனி. எதிர்க்கரை தெரியவில்லை. தள்ளி வைத்தார்கள். ஒன்பது, பத்து, பதினொன்று என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் மத்தியானம் மூன்று மணி என்றார்கள். மூன்று மணிக்குப் பனி போய்விட்டது, காற்று வந்துவிட்டது. இடப்பக்கத்திலிருந்து. தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகச் சுருட்டுகிறது. தணிகா ஸ்டார்ட்டில் நிற்கும்போது திரும்பாமலே சொன்னான், "அண்ணா, வலப்பக்கம் தள்ளும். கடைசியில நல்லாத் திருகு. வேகம் போனாலும் பரவால்ல, திருகு."

எனக்குச் சொல்லிக்கொடுக்கிறான்.

கிளம்பினோம். ஒன்பது படகு. ஐந்நூறு மீட்டரில் நாங்கள் மூன்றாவது. இதையெல்லாம் இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறேன் என்று கேட்டால், பின்னால் இருப்பவனுக்குத்தான் எல்லாம் தெரியும். அதுவரை எனக்கு ஒரு ரேஸ்கூடத் தெரிந்தது கிடையாது. மேல்மூச்சும் கண் இருட்டும்தான் தெரியும். அன்றைக்கு எல்லாம் தெரிந்தது. ஆர்மிப் படகு தெரிந்தது. கரையில் சுபேதார் ஓடிவருவது தெரிந்தது. தணிகாவின் முதுகு தெரிந்தது. தோள் பிய்ந்துவிடும் போல இழுக்கிறான். தழும்பு கன்றிச் சிவந்துவிட்டது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முனகல். ஆறு வருடமாக என் காதுக்குப் பின்னால் அந்த முனகல் இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. நான் என் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

அறுநூறில் படகு வலப்பக்கம் போக ஆரம்பித்தது. "திருகுணா!" என்று கத்தினான். திருகினேன். திருகினால் துடுப்பு தண்ணீரிலேயே நிற்கிறது, மேஸ்திரி. வெளியே வர மாட்டேன் என்கிறது. ஒரு நொடி கிடக்கிறது. வீடியோவில் பார்த்த அதே மாதிரி. எனக்கு உடம்பு கூசியது. கரையில் இருக்கிறவன் யாராவது பார்த்தால் என்ன நினைப்பான், இவன் சும்மா நனைக்கிறான் என்றுதானே? திருகாமல் இழுத்தேன். வேகத்தில் நேராகிவிடும் என்று நினைத்தேன். "திருகுணா! திருகுணா!" எழுநூறு. எண்ணூறு. எங்கள் பாதைக்கும் அடுத்த பாதைக்கும் நடுவில் மிதவைகள் இருக்கும். அதில் ஒன்று இடப்பக்கமாகப் போனது. இடப்பக்கமாக, மேஸ்திரி. அப்படியென்றால் நாங்கள் அடுத்தவன் பாதையில் இருக்கிறோம். கடைசியில் அவனும் இழுக்கிற நடுவில் தன் துடுப்பாலேயே படகைத் திருப்பப் பார்த்தான். முன்னால் இருந்து அது முடியாது. எப்படியோ உள்ளே வந்தோம். மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டினோம்.

மூன்றாவது. நான் துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கிக் கத்தினேன். தணிகா தூக்கவில்லை. குனிந்தே இருந்தான்.

நடுவர் படகு எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்திருக்கிறது. அதில் சிவப்புக் கொடி தூக்கிவிட்டார்களாம். எனக்குப் பின்னால் நடப்பது எனக்கு எப்படித் தெரியும்? பாதை மாறியதால் தகுதிநீக்கம். கரைக்கு வந்த பிறகுதான் சொன்னார்கள். நாலாவது வந்த படகைக் கூப்பிட்டு மேடையில் நிற்க வைத்தார்கள்.

நான் படகுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தணிகா வந்து எதிரில் குந்தினான். என்ன கேட்டான் தெரியுமா? "சாப்ட்டியாணா?"

தோற்றவன் கேட்கிற கேள்வியா அது? என் வாழ்க்கை போயிருக்கிறது, இவனுக்குச் சோறு ஞாபகம். "நீ நேராச் சொல்லிருந்தா நான் திருகிருப்பேன்டா" என்றேன். "சொன்னேண்ணா" என்றான். "இன்னும் சத்தமாச் சொல்லணும்" என்றேன். "சரிணா" என்றான்.

மார்ச்சில் எனக்கு வயது முடிந்தது. அவனுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. சுபேதார் அவனுக்கு முன்னால் ராயபுரத்துப் பையன் ஒருத்தனை, லாரன்ஸ் என்று பெயர், உட்கார வைத்தார். தணிகா மறுபடி பின்னால். அடுத்த ஜனவரியில் வெண்கலம். இரண்டு பேருக்கும் வேலை. லாரன்ஸ் நல்ல பலசாலி. இரண்டு பேரையும் அவன்தான் இழுத்திருப்பான். பாவம், அவனுக்கு அது தெரியாது. முன்னால் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்?

பதினாலு வருடம் ஆகிறது. இதை நான் கேட்காத ஆள் கிடையாது. சுபேதார் போன வருடம் தவறிவிட்டார். அவர் படுத்திருந்தபோது போய்க் கேட்டேன். "சார், அவன் இழுத்தானா சார்?" அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தணிகாவையும் எங்கே பார்த்தாலும் கேட்பேன். கல்யாண வீட்டில், ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் அவன் யூனிபார்மில் இருக்கும்போது. "இழுத்தேண்ணா" என்பான். ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்வான். என் வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் என் மனைவி எழுந்து டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.

போன மாதம் மீஞ்சூரில் புதுவீடு கட்டிக் குடிபோனான். நேரில் வந்து பத்திரிகை வைத்தான். போனேன். மாடிப்படி ஏற முடியவில்லை, அவன்தான் தோளில் கை போட்டு ஏற்றினான். அவனோடு வேலை பார்க்கிற போலீஸ்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். "இவர்தான் எங்க அண்ணன். ஆறு வருஷம் இவர் முதுகைப் பாத்துக்கிட்டே ஓட்டினேன்" என்று சிரித்தான். எல்லாரும் எனக்குக் கும்பிடு போட்டார்கள்.

சாப்பிட்டு முடித்து, எல்லாரும் போன பிறகு, இரண்டு பேரும் பால்கனியில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தோம். அவன் மனைவி கோமளா காபி கொண்டுவந்து வைத்தது. நான் கேட்டேன்.

"தணிகா, இப்பச் சொல்லு. உனக்கு வேலை வந்துடுச்சு, வீடு வந்துடுச்சு. இனிமே உனக்கு இன்னா போவப்போவுது. உண்மையைச் சொல்லு. நீ இழுத்தியாடா?"

"இன்னும் அதானாணா?"

"ஒரே ஒரு தடவை. ரெண்டு பேர் மட்டும்தான் இருக்கோம்."

அவன் என் காலைப் பார்த்தான். நான் நீட்டி வைத்திருந்தேன், இதோ இப்படித்தான். ரொம்ப நேரம் அதையே பார்த்தான். அப்புறம் சொன்னான், "இல்லணா. நான் இழுக்கல. நீதான் ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டுப் போன."

கேட்டீர்களா? அவன் வாயாலேயே. பதினாலு வருடம் கழித்து. கோமளா, "ஏங்க, இன்னாங்க நீங்க" என்று என்னவோ ஆரம்பித்தது. "நீ உள்ள போ" என்றான். உள்ளே போய்விட்டது. பாத்திரம் ஒன்று டமாலென்று விழுந்த சத்தம் கேட்டது. கை வழுக்கியிருக்கும்.

சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பின்னால் ஒருத்தன் சும்மா உட்கார்ந்திருக்க, ஒற்றை ஆளாக இரட்டைப் படகை மூன்று ஐம்பத்தெட்டில் கொண்டுபோயிருக்கிறேன். இந்த நாட்டில் அப்படி ஒருத்தன் இருந்ததே இல்லை, மேஸ்திரி. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். "ஒத்துக்கிட்டான்" என்றேன். டிவியை அணைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "அப்பாடா, முடிஞ்சுதா?" என்றாள்.

முடிந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் காலையில் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. அவனுக்குப் போன் போட்டேன்.

"தணிகா, எப்பலருந்துடா இழுக்கல? மொத வருஷத்துலருந்தா?"

"ஆமாணா."

"ட்ரெய்னிங்லயுமா?"

"ஆமாணா."

"ஹீட்ஸ், பைனல், எல்லாத்துலயும்?"

"எல்லாத்துலயும்தாணா. விடுணா."

"போபால்லயுமா? போபால்ல நான் பின்னாடி இருந்தேனேடா. பாத்தேனே. உன் தோளு..."

ஸ்டேஷனில் இருந்தான் போல, பின்னால் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் சொன்னான், "அதுவும் சும்மாதாணா. நீ பாக்கறியேன்னு நடிச்சேன்."

வைத்துவிட்டான்.

நடிப்பில்லை, மேஸ்திரி. முதுகை வைத்து ஒருத்தன் நடிக்க முடியுமா? மூன்று ஐம்பத்தைந்து நடித்து வருமா? முனகினானே. நான் பார்த்தேன். வேறு யார் சொன்னாலும் சொல்லட்டும், அவனே சொன்னாலும் சரி, அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அவன் இழுத்தான்.

இதை அவனிடம் எப்படிச் சொல்வது? அதற்கப்புறம் நாலு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை.